கம்பத்திலிருந்து கபடி டீமோடு மதுரைக்குப் போவது எப்படி?

கபடி ஆடச் சொல்லித்தர ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பாதிக்கு 20 நிமிடம், நடுவில் 5 நிமிடம் ஓய்வு. உள்ளே ஏழு பேர், வெளியே ஐந்து பேர். இதைத் தெரிந்துகொண்டு ஆடி ஜெயித்த மதுரைப் பையன்கள் ஏராளம். கம்பம் பள்ளத்தாக்கில் படிக்கிறவனுக்கு இது போதாது. காலேஜ்களுக்கு இடையிலான போட்டி என்றால் பெரும்பாலும் மதுரைப் பக்கம்தான். கம்பத்துக்கும் மதுரைக்கும் நடுவே நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு மேல் ரோடு கிடக்கிறது. அந்த ரோட்டில் ஆடும் ஆட்டத்துக்கு இதுவரை யாரும் விதிமுறை எழுதவில்லை. எழுதிவிடுவோம்.

1. கையெழுத்து வேட்டை

ரைடு போகத் தெரியாதவன்கூட டீமில் இருக்கலாம். எலிஜிபிலிட்டி ஃபார்ம் இல்லாதவன் இருக்க முடியாது. போட்டோ, பிறந்த தேதி, பிரின்சிபால் கையெழுத்து, சீல் எல்லாம் வேண்டும். இதில் சீல் வைத்திருக்கும் அலுவலக அண்ணன்தான் முக்கியமான ஆள். அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தைத் தெரிந்துவைத்திருப்பவனையே கேப்டனாகப் போடுங்கள்.

அடுத்தது ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' அனுமதி. வகுப்பு ஆசிரியர், "கபடி ஆடி எவன்டா உருப்பட்டான்?" என்று கேட்பார். கபடி லீக் ஏலத்தில் லட்சக்கணக்கில் போனவர்களின் பெயர்களை அப்போது எடுத்துவிடாதீர்கள். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுங்கள். கையெழுத்து வரும்.

பெண்கள் டீமுக்கு இன்னொரு கையெழுத்தும் தேவை, அப்பாவுடையது. "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" என்ற கேள்விக்கு எந்த மணியைச் சொன்னாலும் அது தப்பு. கூட வரும் மேடத்தின் நம்பரைக் கொடுத்துவிடுவதே நல்லது.

2. நாலு மணி என்றால் எத்தனை மணி?

நாலரைக்கு பஸ் என்றால் பிடி சார் நாலு மணிக்கு வரச் சொல்வார். அது தெரிந்து பையன்கள் நாலரைக்கு வருவார்கள். அதுவும் தெரிந்து அவர் மூன்றரை என்று மாற்றுவார். இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. கே.கே.பட்டியிலிருந்து வரவேண்டிய ரைடர் போனை எடுத்து, "கிளம்பிட்டேன் சார்" என்பான். எழுந்துவிட்டான் என்று அர்த்தம்.

காத்திருக்கும் நேரத்தில் தூக்கக் கலக்கத்தைப் பற்றி யாரிடமும் புலம்ப வேண்டாம். கண் முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் தலையில் துண்டுமாக ஏழெட்டுப் பெண்கள் ஒரே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கம்பம்மெட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இது தினமும் உண்டு, ஓ.டி. கிடையாது. அந்த வண்டிகளில் ஒன்றில் நம் டீமின் கார்னர் ஆட்டக்காரனுடைய அம்மாவும் இருக்கலாம்.

3. ரயிலில் போகலாமே என்பவர்களுக்கு

அமெரிக்காவில் காலேஜ்களுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி, 1852-இல் ஹார்வர்டும் யேலும் வின்னிபசாகி ஏரியில் மோதிய படகுப் பந்தயம். மாணவர்கள் வந்துபோன செலவை ஒரு ரயில் கம்பெனியே ஏற்றது. அதன் பாதைக்கு அது விளம்பரம்.

நம் கதை வேறு. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன். கம்பத்துக்குத் தண்டவாளமே கிடையாது. சரி, தேனி வரை பஸ்ஸில் போய் ஏறுவோம் என்றால், மதுரை ரயில் காலையில் அங்கிருந்து இங்கே வருகிறது, சாயங்காலம் இங்கிருந்து அங்கே போகிறது. மதுரை டீம் நம் ஊருக்கு வந்து ஆடிவிட்டுத் திரும்ப இதைவிடத் தோதான ரயில் கிடையாது. அந்த டீம்தான் வருவதில்லை.

ஆகவே பஸ்தான். ஜன்னல் சீட் சீனியருக்கு, கிட் பேக் முதல் வருடப் பையனின் மடிக்கு. போன மேட்ச்சுக்குப் பிறகு துவைக்காத நீ-கேப் அந்தப் பைக்குள் இருக்கிறது. ஜிப்பைத் திறந்தால் உத்தமபாளையத்திலேயே பாதி பஸ் இறங்கிவிடும்.

4. டிக்கெட்டைக் காப்பாற்றுங்கள்

மேட்ச்சைவிட டிக்கெட் முக்கியம். கோப்பையைத் தொலைத்தால் போட்டோ இருக்கிறது. டிக்கெட்டைத் தொலைத்தால் காலேஜ் அலுவலகத்தில் பயணப்படி கிடையாது, பணம் பிடி சாரின் சம்பளத்திலிருந்து போகும். கண்டக்டர் கிழித்துக் கொடுத்ததும் எல்லா டிக்கெட்டையும் ஒருவனே வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, சட்டையின் உள்பையில் வைக்க வேண்டும். எல்லா டீமிலும் ஒருவன் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைவான். அவனைப் பிடி சாருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள்.

5. எடை பார்க்கும்வரை விரதம்

ஆண்கள் பிரிவுக்கு எடை 85 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம் டீமின் ஒரே தடுப்புச் சுவர் 85-க்கும் 86-க்கும் நடுவில் ஊசலாடும். முந்தின ராத்திரி அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். சின்னமனூரைத் தாண்டும்போது வரிசையாக வாழைத்தார் தொங்கும். அவன் தலையை மறுபக்கம் திருப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து பன்னீர் திராட்சை கொண்டுவந்தவன் அதை அவன் முன்னால் தின்னக்கூடாது. உசிலம்பட்டியில் மற்றவர்கள் டீ குடிக்கையில் அவன் பஸ்ஸிலேயே கண்ணை மூடிக்கொண்டிருப்பான். தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள்.

எடை மிஷினை விட்டு இறங்கிய அடுத்த நொடி அவன் கையில் நாலு பழம் இருக்க வேண்டும். இட்லியை ஆறோடு நிறுத்துங்கள். ஜிகர்தண்டாவை மேட்ச் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் அதோடு ரைடு போனவன் போனஸ் கோட்டைத் தாண்டமாட்டான்.

6. இறங்குமிடம்

போட்டி பல்கலைக்கழக மைதானத்தில் என்றால் தூங்காதீர்கள். நாகமலையை ஒட்டிய அந்த ஸ்டாப் மதுரைக்கு முன்பே வந்துவிடும். தூங்கிய டீம் ஆரப்பாளையத்தில் கண் விழிக்கும், டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வரும். அதற்குள் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள்.

இறங்கியதும் டிராவைப் பாருங்கள். முதல் ரவுண்டில் 'பை' விழுந்திருந்தால் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு மரத்தடியில் படுங்கள். பெரும்பாலும் விழாது. காலை 9 மணி, முதல் மேட்ச், எதிரே உள்ளூர் டீம் என்றிருக்கும். அவர்கள் ஹாஸ்டலில் ஏழு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, பைக்கில் வந்து இறங்குவார்கள். முகத்தில் தூக்கத்தின் சுவடே இருக்காது.

அடுத்தது மேட். நாம் வருடம் முழுக்கச் செம்மண்ணில் ஆடியவர்கள். மண்ணில் கால் வழுக்கும், மேட்டில் கால் பிடிக்கும். பழக்கதோஷத்தில் சறுக்கித் திரும்பினால் உடம்பு திரும்பும், கணுக்கால் அங்கேயே நிற்கும். ஷூ வேண்டும். டீமில் எல்லோரிடமும் ஷூ இருக்காது. மாற்று ஆள் உள்ளே போகும்போது வெளியே வருகிறவன் கோட்டோரத்தில் குத்தவைத்து லேஸை அவிழ்ப்பான். "மாப்ள, சீக்கிரம்டா!" நம்பர் எட்டுக் கால்காரனுக்கு ஒன்பது நம்பர் ஷூ, முனையில் கொஞ்சம் பஞ்சு. அம்பயர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

7. திரும்பும் முறை

ஜெயித்தால் கோப்பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் போடாதீர்கள். பக்கத்து சீட் பெரியவர், "என்ன தம்பி, எந்த ஊரு?" என்று கேட்கவேண்டும் அல்லவா? தோற்றால் செக்கானூரணிவரை அம்பயரைத் திட்டலாம். உசிலம்பட்டிவரை ஒருவரையொருவர் திட்டலாம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் காற்று மாறியதும் எல்லோரும் தூங்கிவிட வேண்டும். நாளைக்கு முதல் பீரியட் உண்டு.

8. டிரா போடுகிறவர்களுக்கு

கோடையில் பெரியகுளம் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. தேசத்தின் பெரிய டீம்களெல்லாம் வெகுதூரம் பயணம் செய்து வருகின்றன. பகல் வெயிலில் அவர்களைப் படுத்தாமல், வெயில் தாழ்ந்தபின் விளக்கொளியில் ஆட்டம் வைக்கிறார்கள். தூரத்திலிருந்து வருகிறவனை நடத்தத் தெரிந்த ஊர் அது.

அதில் பாதியைச் செய்தால் போதும். காலை மேட்ச்சுகளைப் பக்கத்துக் காலேஜ்களுக்கு வையுங்கள், பள்ளத்தாக்கு டீம்களைப் பன்னிரண்டு மணிக்குமேல் கூப்பிடுங்கள். மூன்றரை மணிக்கு எழுந்து வந்து இரண்டு பாயிண்டில் தோற்ற டீமை மோசமான டீம் என்று எந்த நியாயஸ்தனும் சொல்லமாட்டான். முடியாது என்றால் ஒரு வருடம் போட்டியை உத்தமபாளையத்திலோ போடியிலோ நடத்துங்கள். உத்தமபாளையத்தில் ஹவுதியா கல்லூரி 1956-லிருந்து இருக்கிறது, மைதானத்துக்கும் ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. மதுரை டீமுக்கு சாப்பாடு, தங்குமிடம், திராட்சை எல்லாம் நம் பொறுப்பு. முதல் மேட்ச் மட்டும் காலை 9 மணிக்கு.