ஓட்டைக் காலணா புராணம்

நவி மும்பை சான்பாடாவில் அத்தை வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும், பின்னாலேயே தகர டப்பா வரும். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த மாமனார் வேட்டி மடியில் முடிந்து கொண்டுவந்த காசுகள் அதற்குள் இருக்கின்றன. 1992இல் ரயில் கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்கு வந்தது. பிறகு குடும்பம் அதற்குப் பக்கத்துச் சான்பாடா பிளாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, டெம்போவில் பீரோவுக்கு முந்தி ஏறியது இந்த டப்பாதான்.

"ஏல, காண்டாமிருகம் போட்ட நாலணா லட்ச ரூவா போவுதாம்லா!" என்றாள் அத்தை. வாட்ஸப் வாக்கு, வேதவாக்கு. இப்படிக் கிளப்பிவிடுகிறவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. ரிசர்வ் வங்கி எங்கள் குடும்ப குரூப்பில் இல்லை.

டப்பாவின் மூத்த குடிமகன் 1911ஆம் வருடத்துக் காலணா. அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அங்கியும் பதக்க மாலையுமாக ஜம்மென்று இருக்கிறார். மாலையில் ஒரு யானை. செதுக்கியவர் தும்பிக்கையில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார், பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். தோட்டாவில் பன்றிக் கொழுப்பு தடவியதாகக் கிளம்பிய பேச்சால் 1857 சிப்பாய்க் கலகத்தில் சூடுபட்ட சர்க்கார் சும்மா இருக்குமா? அதே யானை இருந்த வெள்ளி ரூபாய்களைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். 1912இல் மன்னருக்கு வேறு மாற்றம் ஏதுமில்லை, யானைக்குத் தும்பிக்கை வளர்ந்தது. 'பன்றிக் காசு' என்று இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடுவது 1911 என்ற அந்த ஒரு வருடத்துச் சரக்கைத்தான்.

அடுத்து ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போரில் செம்பு தட்டுப்பாடானது. காசை ஒரேயடியாக ஒழிக்க மனமில்லாத சர்க்கார் 1943இல் அதன் நடுவயிற்றைத் தோண்டிவிட்டது. எடை பாதிக்கும் கீழே இறங்கியது. ஜனங்கள் அசரவில்லை. பட்டறையில் வாஷராக்கினார்கள், பிள்ளைகளின் அரைஞாணில் கோத்தார்கள். இவ்வளவு வீர வரலாறு இருந்தும் சந்தையில் அதற்கு மரியாதை கம்மி. கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியதால் அது இன்னும் எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடக்கிறது.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று பழகிய நாட்டை நூறு பைசாவுக்கு மாற்ற முட்டாள்கள் தினத்தையா தேர்ந்தெடுப்பார்கள்? பிறகு வெண்கலமும் கட்டுப்படியாகாமல், 1964இல் அலுமினியத்துக்கு இறங்கினார்கள். ஒரு பைசாவின் எடை முக்கால் கிராம், ஃபேன் காற்றுக்கே இடம் மாறும். அறுகோண மூன்று பைசாவும் அப்போது பிறந்ததுதான். தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவை மட்டும் மாமிகள் புழங்கவே விடவில்லை, லட்சுமி பூஜைக்கு நூற்றெட்டு சேர்த்தார்கள். முகமதிப்பைவிட உலோகம் விலை ஏறினால் காசு உருக்குச் சட்டிக்குப் போகும். 1971இல் சில்லறையை உருக்கினால் ஜெயில் என்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2011 ஜூன் 30இலிருந்து நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாக்காசு.

ஆனால் செல்லாததெல்லாம் அபூர்வமாகிவிடாது. வருடத்துக்குக் கீழே குட்டி வைரம் இருந்தால் பம்பாய் நாணயச்சாலை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றுமில்லை என்றால் கல்கத்தா. எந்தச் சாலை எந்த வருடம் கொஞ்சமாக அடித்ததோ அதற்குத்தான் கிராக்கி. அத்தையின் காண்டாமிருகம் மந்தை மந்தையாக மேய்ந்தது.

பன்றிக் காலணாவையாவது காட்டுவோம் என்று ஃபோர்ட் பக்கம் ஒரு வியாபாரியிடம் கூட்டிப்போனேன். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசு புது மணப்பெண்போல் தகதகத்தது. வியாபாரி லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். நூறு வருடக் களிம்புக்குத்தான் விலையாம், தேய்த்த காசை யாரும் தொடமாட்டார்களாம்.

"ராத்திரி பூரா புளி போட்டுத் தேச்சேம்ல," என்றாள் அத்தை பெருமையாக. "பன்னி எவ்ளோ தெளிவாத் தெரியுது பாரு!"