காவியா, கடன் தவணையா?

கேள்வி: வேலை, வீடு, கடன்… எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காவி கட்டிவிடலாம் போலிருக்கிறதே?
– அறந்தாங்கி வாசகர்

பதில்: முன்னுதாரணம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மந்திரி மாணிக்கவாசகர், ஆவுடையார்கோயிலில் குருவைக் கண்டதும் அரசுப் பணத்தைக் கோயில் திருப்பணிக்கே செலவழித்துவிட்டார். நரியைப் பரியாக்கிக் கணக்கைச் சரிக்கட்ட சிவபெருமானே வரவேண்டியிருந்தது. (ராத்திரியே பரி மறுபடி நரியானது வேறு கதை!) உங்களுக்கு ஆடிட்டர் யார்?

18-ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமான், திருவரங்குளம் காட்டில் சதாசிவப் பிரம்மேந்திரரைச் சந்தித்தார். மௌனியான சுவாமிகள் மணலில் மந்திரம் எழுதிக் காட்டினார். அந்த மணலை அள்ளி வந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்த மன்னர், நாட்டையும் விடாமல் ஆண்டார். உபதேசம் கிடைத்தது, வி.ஆர்.எஸ். கிடைக்கவில்லை.

பிச்சையெடுத்துப் பிழைக்கிறேன் என்ற அர்ஜுனனுக்கே கண்ணன் லீவு தரவில்லை. முதலில் இந்த மாதத் தவணையைக் கட்டுங்கள்.