கையுறை முதலில், சைலன்சர் பிறகு

கேள்வி: ஐயா, என்னிடம் யமஹா ஆர்15 வண்டி இருக்கிறது, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த முப்பதாயிரம் ரூபாயும் இருக்கிறது. நண்பர்கள் சைலன்சர் வாங்கச் சொல்கிறார்கள்; அக்கா ரைடிங் ஜாக்கெட் வாங்கச் சொல்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: அக்காவின் பேச்சை. நண்பர்கள் தங்கள் வண்டியின்மீது பிரியம் வைத்திருக்கிறார்கள். அக்காவோ அந்த வண்டியில் அமர்ந்திருப்பவரின்மீது பிரியம் வைத்திருக்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் வண்டியிலிருந்து நழுவித் தார்ச்சாலையில் விழுவாரானால், உராய்வினால் அவ்வேகம் முழுவதும் அடங்குவதற்குள் ஏறக்குறைய 24 மீட்டர் தூரம், மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைந்த நேரம், சறுக்கிக்கொண்டே போக நேரும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தைக் கொண்டே யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. வேகம் 100 ஆகுமானால் தூரம் 65 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. அத்தனை தூரமும் சாலைக்கும் சரீரத்துக்கும் நடுவே எது இருக்கப்போகிறது என்பதைத்தான் தாங்கள் இந்த முப்பதாயிரத்தைக் கொண்டு தீர்மானிக்கப் போகிறீர்கள். சாதாரணப் பருத்திச் சட்டை அங்கே ஒரு கணமும் நில்லாது. பசுத்தோலும், 1965-ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபானி குவோலெக் என்னும் அம்மையார் கண்டுபிடித்த கெவ்லார் போன்ற இழைகளும் நின்று தேயும்.

ஜாக்கெட்டுக்கும் முன்னதாக நல்ல கையுறை ஒன்று வாங்குங்கள். விழுகிற மனிதன் எவனாயினும் சிந்திப்பதற்கு முன்பே கையை ஊன்றிவிடுகிறான்; மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிற்றெலும்போ, ரத்தவோட்டம் குறைவாகப் பெறுவதாகையால், ஒடிந்தால் கூடுவதற்கு மாதக்கணக்கில் காலம் எடுத்துக்கொள்கிறது. ஆகையால் உள்ளங்கையின் அடியில் கெட்டியான வழுக்குத் தகடு வைத்துத் தைத்ததும், மணிக்கட்டை இறுகப் பிடிக்கும் பட்டையுடையதுமான கையுறையாகப் பாருங்கள். அத்தகடு தரையைக் கவ்வாமல் வழுக்கிச் செல்வதனால் மணிக்கட்டின்மேல் வரும் முறுக்கு தணிகிறது. ஜாக்கெட்டில் இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரக்குறியையும், அதனருகே ஏஏஏ, ஏஏ, ஏ என்ற வகுப்புகளில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பந்தயத்துக்குரிய கடுமையிலிருந்து நகரச் சவாரிக்குப் போதுமான அளவுவரை அவை இறங்குமுகமாக அமைந்தவை. தோளிலும் முழங்கையிலும் உள்ள பாதுகாப்புத் தகடுகள் இஎன் 1621 குறி பெற்றவையாக இருக்க வேண்டும். முதுகில் பல ஜாக்கெட்டுகள் வெறும் பஞ்சுத்துண்டை வைத்து இடத்தை நிரப்பியிருக்கும். அதை எடுத்துவிட்டு லெவல் 2 தகடு ஒன்று தனியே வாங்கிச் செருகுங்கள். ஒரே பரிசோதனை அடியில் லெவல் 1 தகடு சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை முதுகெலும்புக்குக் கடத்தலாம். லெவல் 2 தகடு 9-க்கு மேல் கடத்தலாகாது. இவ்வளவும் வாங்கிய பிறகு பணம் மிஞ்சுமானால் பூட்ஸ் வாங்குங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் சென்னையில் ஜாக்கெட் போடு என்று உபதேசிப்பவர்கள் ஒருநாளாவது கத்திப்பாராவில் சிக்னலுக்கு நின்றதுண்டா?
(வாசகர், ஆலந்தூர்)

பதில்: உண்டு, நின்று வெந்ததும் உண்டு. தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குளிர்தேசத்துக்காகத் தைத்த கெட்டித் தோலுடையை நம் சூட்டில் அணிந்தால் களைப்பு மேலிட்டுக் கவனம் சிதறும்; அதுவும் ஓர் அபாயமே. இதற்காகவே, விழும்போது முதலில் தரையில் படும் தோளும் முழங்கையும் கெட்டித் துணியாகவும், மார்பும் கைகளின் உட்பக்கமும் வலைத்துணியாகவும் அமைந்த மெஷ் ஜாக்கெட்டுகள் வந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது காற்று அதனூடே புகுந்து வியர்வையை உலர்த்துகிறது; உள்ளே மெல்லிய, உடலோடு ஒட்டிய பனியன் ஒன்றை நனைத்து அணிந்தால் இன்னும் சுகம். நிற்கும்போது வேகும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் காற்றோட்டத்துக்கென்று ஓரளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். தளர்ந்த ஜாக்கெட்டில் முழங்கைத் தகடு, விழுந்த கணத்தில் சுழன்று முழங்கையை விட்டு விலகிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடுவதிலே பெயர் பெற்ற ஊர்களையும், 1948 முதல் அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் உடைய நம் மாநிலம், நம் வெயிலுக்கென்றே ஒரு பந்தயத் தோலுடையை ஆக்கி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் விலையில் தரவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

கேள்வி: புது டயர் மாட்டிய அன்றே கொடைக்கானல் மலை ஏறலாமா?
(வாசகர், வத்தலக்குண்டு)

பதில்: கூடாது. புது ரப்பரின் மேற்பூச்சு வழவழப்பு. முதல் 150 கிலோமீட்டர் சமவெளியில் நிதானமாக ஓட்டித் தேய்த்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? சத்தம் கேட்டால் எதிரே வருபவன் ஒதுங்கிக்கொள்வான், அதுவும் பாதுகாப்புத்தானே?
(இரு சக்கர வாகன அபிமானி, திருச்சி)

பதில்: கூடுவது சொற்பம், நூற்றைம்பது சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் சைலன்சரின் கடைப்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வகையினால், ஓட்டுபவர் உணரத்தக்க பலம் எதுவும் பெரும்பாலும் வருவதில்லை. எடை குறைவது மெய். நாதம் மாறுவது மெய்.

இந்தக் கலையை நான் இகழ்வதாக எண்ணவேண்டாம். ஜப்பானில் 1954-இல் அமெரிக்கப் படைவீரர்களின் வண்டிகளைச் சீர்செய்து வேகமேற்றத் தொடங்கிய ஹிடியோ யோஷிமுரா, வால்வையும் கேம்ஷாஃப்டையும் புகைக்குழாயையும் ஒரே பொருளாகக் கருதித் தம் கையாலேயே இழைத்தவர். 1978-இல் முதன்முதலாக நடந்த சுசூகா எட்டு மணி நேரப் பந்தயத்தில், அவருடைய சிறிய பட்டறை ஆயத்தம் செய்த சுஸுகி ஜிஎஸ்1000, ஹோண்டாவின் தொழிற்சாலை அணியையே முறியடித்தது. ஸ்லோவேனியாவில் தாமே பந்தய வீரராயிருந்த இகோர் அக்ரபோவிச் தொடங்கிய பட்டறை இன்று டைட்டானியக் குழாய்களுக்கு உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் இவர்கள் குழாயை மட்டும் மாற்றிவிட்டு நின்றவர்களல்லர். எரிந்த வாயு வெளியேறும்போது குழாயினுள் எழும் அழுத்த அலை, சரியான தருணத்தில் திரும்பி வந்து புதுக்காற்றை உள்ளே இழுக்க உதவவேண்டும். அதற்கென்றே குழாயின் நீளமும் விட்டமும் கணக்கிடப்படுகின்றன. அக்கணக்கில்லாமல் ஓட்டை பெரிதாக்கப்பட்ட ஒரு தகரக்குழாய் கத்துமேயொழிய இழுக்காது.

2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பிஎஸ்-6 மாசு விதிக்குட்பட்ட வண்டிகளில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. புகைக்குழாயில் அமர்ந்துள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டே, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தையொட்டி, எஞ்சினை ஆளும் கணினியாகிய ஈசியூ பெட்ரோலைத் தெளிக்கிறது; பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ நச்சு வாயுக்களை மாற்றி வெளியேவிடுகிறது. புகைக்குழாய் முழுவதையும் மாற்றும் ஃபுல் சிஸ்டம் என்ற பெயரில் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிபவர், நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றைக் காக்கும் உறுப்பையே எறிகிறார். சட்டமும் தெளிவாக இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கே 80 டெசிபல்தான் எல்லை; தங்களுடையது சிறிய வண்டியானால் அதனிலும் குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. திருத்திய உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். ஒலி வரம்பை மீறியதற்கு 190-ஆம் பிரிவு வேறு, 10,000 ரூபாய்வரை, காத்திருக்கிறது. பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் படுக்கவைத்துப் போலீஸார் ரோடு ரோலர் ஏற்றிய காட்சியை நம் தேசத்து நகரங்கள் சில கண்டிருக்கின்றன.

எதிரே வருபவன் ஒதுங்குவான் என்கிறீர்கள். குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது, ஐயா! தங்களை எதிர்நோக்கி வருபவனுக்குக் கடைசியிலும், தங்களைப் பின்தொடரும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு முதலிலும் அது கேட்கிறது.

கேள்வி: தலைக்கவசத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இருபதாயிரம் ரூபாய்க்கும் என்ன பேதம்? என் பழைய கவசம் பத்து வருஷமாக உழைக்கிறது.
(அரசு ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: பத்து வருஷமாக அது உழைக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. அது உழைக்கப்போவது ஒரே ஒரு கணம், அதுவும் ஒரே ஒரு முறை. ஓட்டுக்குள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்றழைக்கும் அதே இனப் பொருள். அடி விழும்போது அது நசுங்குவதனாலேயே மூளைக்குச் செல்லவேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மீண்டும் எழாது. வெளியோட்டில் கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அது செத்திருக்கலாம் என்பதால், விழுந்து அடிபட்ட கவசத்தை மறுமுறை அணியலாகாது. விழாவிட்டாலும் வியர்வையும் வெயிலும் பசையையும் மெத்தையையும் தளர்த்துவதால், ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். தாங்கள் இந்த மாதமே மாற்றவேண்டும்.

1935 மே 13 அன்று, அரேபிய லாரன்ஸ் என்று உலகறிந்த டி. ஈ. லாரன்ஸ், தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாதிருக்க விலகித் தூக்கியெறியப்பட்டு, நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் உயிர் நீத்தார், தலையில் கவசமில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். பின்னர் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள் தூதுவர்களின் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரை, கவசத்தின் பயனை எடுத்துக்காட்டிப் பிரிட்டிஷ் ராணுவத்தின் மனத்தை மாற்றியது. பிரிட்டனின் பொதுமக்களுக்குக் கட்டாயச் சட்டம் வர 1973 ஆயிற்று.

விலையின் பேதத்தைக் கேட்டீர்கள். நம் நாட்டில் 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரையில்லாத கவசத்தை விற்பதே குற்றம். அந்த முத்திரை மெய்யானதாயிருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க் கவசமும் தலையைக் காக்கும். மேலே கொடுக்கும் பணம் எடைக்குறைவுக்கும், காற்றோட்டத்துக்கும், அதிவேகத்தில் தலையை இழுக்காத வடிவத்துக்கும், ஈசிஇ 22.06 போன்ற கடினமான பரிசோதனைகளுக்கும் உரியது. எந்த விலையாயினும், பட்டையை இறுக்கிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வருமானால் அது தங்கள் தலைக்குரியதன்று.

கேள்வி: பின் டயர் 140, 160 போட்டால் கம்பீரமாக இருக்குமே?
(வாசகர், சேலம்)

பதில்: நிறுத்தியிருக்கும்போது இருக்கும். டயரின் பக்கத்திலுள்ள 140/70-17 என்பதில் முதலெண் அகலத்தின் மில்லிமீட்டர். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் அங்குல விட்டம். ரிம்மின் அகலத்தை மாற்றாமல் 160-ஐ ஏற்றினால், சிறிய உறைக்குள் திணித்த பெரிய தலையணைபோல் அது நடுவிலே உப்பி, ஓரங்களில் நெரிந்து, சாயும்போது சாலையில் படியவேண்டிய பகுதி படியாமல் போகிறது. எடையும் கூடி வளைவுகளில் வண்டி சோம்புகிறது. வண்டியோடு வந்த அளவிலேயே உயர்ந்த ரப்பர் வாங்குங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்தது.

கேள்வி: பந்தய பிரேக் பேட், ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ், மடக்கு லீவர், மூன்றும் மாட்டலாமா? லீவர் பிரபல கம்பெனிப் பெயரோடு 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது.
(மெக்கானிக், ஈரோடு)

பதில்: ஹோஸ் நல்லது, அழுத்தும்போது ரப்பர் குழாய் விரிவதுபோல் அது விரியாததால் விரலின் சொல் உடனே கேலிப்பருக்குப் போகிறது. பந்தய பேட் சூடேறினால்தான் கவ்வும். பால் வாங்கக் கிளம்பும் காலையில், முதல் பிரேக்கிலேயே நிற்கவேண்டிய தெருவில் அது ஏமாற்றும். இவ்விரண்டையும்விட மலிவான சீர்திருத்தம் தங்கள் பட்டறையிலேயே இருக்கிறது: பிரேக் ஆயில். புத்தம் புதிய டாட் 4, தரவிதிப்படி 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுங்கள், சிலிக்கோனாலான டாட் 5-ஐ அதனோடு எக்காரணத்தாலும் கலக்காதீர்கள்.

700 ரூபாய் லீவரை வாங்கவே வாங்காதீர்கள். போலி ஸ்டிக்கர் கண்ணை ஏமாற்றுவதோடு நின்றுவிடும். போலி பிரேக் லீவரோ, உயிர் போகும் அவசரத்தில் முழு பலத்தோடு அழுத்தும் அந்தக் கணத்தில்தான் ஒடியும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய, வளையாத, விரிசலற்ற அசல் லீவர் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். தலைக்கவசத்தை மட்டும் அங்கே தேடாதீர்கள்.

கேள்வி: முழங்கால் தரையில் உரசும்படி வளைவில் சாயவேண்டும் என்பது என் கனவு. எங்கள் ரிங் ரோட்டில் இரவு பதினொரு மணிக்குப் போக்குவரத்தே இல்லை.
(வாசகர், மதுரை)

பதில்: போக்குவரத்து இல்லை, மணல் இருக்கிறது, மாடு இருக்கிறது, விளக்கில்லாத டிராக்டர் இருக்கிறது. கனவை விட்டுவிடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். சென்னையருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தய ஓடுபாதையும், கோவையருகே செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வேயும் உள்ள நாட்டில் பிறந்திருக்கிறீர்கள். முற்காலப் பந்தயங்களில் சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் வைக்கோற்கட்டுகளுக்கிடையே சீறியவர்களுக்கு இந்த வசதி இல்லை. பயிற்சியாளரோடு நடத்தும் டிராக் நாட்களில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

ஒரே உடுப்பாகத் தைத்த தோல் சூட், முழங்காலில் கழற்றி மாற்றக்கூடிய ஸ்லைடர், தனி முதுகுத்தகடு, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவை அங்கே கட்டாயம்; சொந்தமாக இல்லையெனில் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்னதாக விசாரியுங்கள். 2018 முதல் மோட்டோஜிபி வீரர்கள் எல்லோருக்கும் காற்றுப்பை விதிக்கப்பட்டிருக்கிறது; அவ்வகை மேலங்கி இப்போது நம் கடைகளுக்கும் வந்துவிட்டது, வாங்கமுடிந்தால் வாங்குங்கள். வண்டிக்கு வேண்டியது கொஞ்சமே: ஃபிரேம் ஸ்லைடர், புது பிரேக் ஆயில், டயரில் நடத்துபவர்கள் சொல்லும் காற்றளவு. கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின்மேல் டேப் ஒட்டுங்கள். முழங்கால் முதல்நாளே உரசவேண்டும் என்று அவசரப்படாமல், பார்வையை வளைவின் முடிவில் வைக்கப் பழகுங்கள்; உரசல் தானே வரும். மதுரையிலிருந்து அதே வண்டியில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதானால் முந்தின இரவே அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் தங்கி உறங்கிவிடுங்கள்.