எதிரணி வராவிட்டாலும் மறுப்புரை உண்டு

பள்ளி ஆண்டு விழாவில் பட்டிமன்றம். ‘மாணவர் முன்னேற்றத்துக்குப் பெரிதும் காரணம் பெற்றோரா, ஆசிரியரா?’ பேச ஆறு பிள்ளைகள், நடுவர் தமிழையா. ஆறு உரைகளையும் எழுதிக் கொடுத்தவர் அவரே. தீர்ப்பை முந்தின வாரமே எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டார். ‘எதிரணி நண்பர் அருமையாக ஒரு கருத்தைச் சொன்னார், ஆனால்...’ என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கையை நீட்டி முழங்குகிறது. அந்த நண்பருக்கு அம்மை. அன்று பள்ளிக்கே வரவில்லை. வராவிட்டால் என்ன? மறுப்புரை மனப்பாடம் ஆகிவிட்டது, கைதட்டலும் விழுந்துவிட்டது. வாதத்திறன் வளர்த்ததாகப் படத்தோடு அறிக்கை மேலே போகும்.

கேட்கும் திறனையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே ‘கையைக் கட்டு, வாயில் விரல் வை’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆசிரியர் வெளியே போனால், பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுத வகுப்புத் தலைவன் இருக்கிறான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நாட்டின் உளவுத்துறைக்கு ஆள் தேர்வு அங்கேதான் நடக்கிறது போலும். ஐந்து வயதில் ‘ஏன், ஏன்’ என்று நச்சரித்த குழந்தையைப் பத்து வயதுக்குள் வாயில்லாப் பூச்சியாக்கிவிட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பெயரும் வைக்கிறோமே, வெட்கமாக இல்லையா?

பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். ‘இரண்டு நிமிடம் பேசுக’ என்று தலைப்புக் கொடுத்துத்தான் இருக்கிறார்கள். வகுப்பில் நாற்பது பேர் என்றால் எண்பது நிமிடம் வேண்டும். பாடவேளை அதில் பாதி. அதைவிட முக்கியம், அது பரீட்சைக்கு வராது. தேர்ச்சி விழுக்காடு சரிந்தால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார்கள். ஆண்டு முழுக்க ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை என்று எந்த அதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார்?

திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் 108 அதிகாரங்களையும் பள்ளியில் கற்பிக்கச் சொல்லி 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. அவற்றில் 42ஆம் அதிகாரம் கேள்வி, 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அவையஞ்சாமையைக் கால் நடுங்க, பிரம்பைப் பார்த்தபடி, பிசகில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்!

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கண்டு, அவரவர் கொள்கையைச் சொல்லச்சொல்லிக் கேட்டாள். நம் வகுப்பில் அப்படி எழுந்து நின்றிருந்தால், ‘அதிகப்பிரசங்கி, உட்கார்! நாளைக்குப் பெற்றோரோடு வா’ என்றிருப்பார்கள். (அம்மா துறவி, அப்பா மதுரையில் வெட்டுப்பட்டவர். கையெழுத்துப் போட யார் வருவது?)

இப்படிப் பன்னிரண்டு ஆண்டு வாயடைத்து அனுப்பிய பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போகிறது. மூன்றாம் ஆண்டில் திடீர் ஞானோதயம்: வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம் குரூப் டிஸ்கஷன் வைக்கிறதாம்! உடனே பிளேஸ்மென்ட் டிரெய்னிங், அதற்குத் தனிக் கட்டணம். வாயில் விரல் வைக்கச் சொன்னதற்கும் பணம் கட்டினோம். எடுக்கச் சொல்வதற்கும் கட்டுகிறோம். கோட்டுப் போட்ட பயிற்சியாளர் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ரகசியத்தைச் சொல்லித் தருகிறார்: முதலில் பேசுகிறவனைத்தான் கவனிப்பார்கள், அடுத்தவனுக்கு இடம் கொடுக்காதே.

எட்டு வாயும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ரசீது மட்டும் தனித்தனி.