பல்லக்குக்கு ஏது ஹேண்ட்பிரேக்?

என் மச்சானுக்குப் போன மாதம் திடீரென்று ஞானம் பிறந்தது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற குட்டி வீடு ஒன்றை வாங்கியே தீருவதென்று. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி, மொத்தமே நானூறு கிலோவுக்குள். அமெரிக்காக்காரர்கள் 1930களிலேயே எட்டுக்கு நாலு பிளைவுட்டை வெட்டி, கொல்லைப்புறத்தில் தாங்களாகவே செய்துகொண்ட சமாச்சாரம். கண்ணீர்த் துளியைப் படுக்கப்போட்ட மாதிரி இருப்பதால் ‘டியர்டிராப்’ என்று பெயர்.

“திருவொற்றியூர்ல நின்னு டிரெய்லர் வாங்கப் போறேன்னு சொல்லாதடா. நாப்பதடியா, இருவதடியான்னு கேப்பான்.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது.”

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நகர்கிற வீட்டில் படுத்துக்கொண்டு ஊர் போவதைப் பற்றி வடசென்னைக்கு எவனும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரனே இங்கே வந்துதான் அந்தச் சுகத்தைப் பழகினான்.

பல்லக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பினிக் காலத்துத் துரை வெளியூர் போகிற பல்லக்கு, ராஜா உட்காருகிற சினிமாப் பல்லக்கு இல்லை. ஆறடி நீளப் பெட்டி. இரண்டு பக்கமும் தள்ளுகதவு. உள்ளே மெத்தை, தலையணை, புத்தகமும் புட்டியும் வைக்க ஒரு சின்னப் பலகை. துரை கருப்பட்டி மூட்டை மாதிரி உள்ளே சாய்ந்துவிட்டால் பயணம் தொடங்கும். மச்சான் காட்டிய படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சக்கரம் இல்லை, அவ்வளவுதான். சக்கரத்துக்குப் பதில் பன்னிரண்டு போயிகள். ஆறு பேர் தூக்க, ஆறு பேர் பக்கத்தில் ஓடிவந்து தோள் மாற்றுவார்கள். ஸ்டெப்னி கூடவே ஓடிவருகிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான். ஹெட்லைட்டுக்குத் தீவட்டிக்காரன். அணையப் போனால் அவனே எண்ணெய் ஊற்றிக்கொள்வான். டிக்கி சாமானுக்குக் காவடி தூக்கும் ஆட்கள். வேகம் மணிக்கு ஏறக்குறைய நாலு மைல். நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் சாயங்கால நேரத்தில் இன்றும் அதேதான். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் ஓட்டம். ஹேண்ட்பிரேக் மட்டும் கிடையாது. கோபம் வந்தால் போயிகள் பெட்டியை நடுவழியில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்; அதைவிட நல்ல பிரேக் இன்றுவரை வந்ததில்லை.

ஆடியோ சிஸ்டமும் உண்டு. தூக்குகிறவர்கள் காலடிக்குத் தாளமாக ஏதாவது பாடிக்கொண்டேதான் ஓடுவார்கள். துரை அதைத் தாலாட்டு என்று நினைத்துத் தூங்குவார். பாஷை புரிந்த ஒருசில வெள்ளைக்காரர்கள் பிற்பாடு விஷயத்தை எழுதிவைத்துவிட்டார்கள்: பாட்டு முழுக்க உள்ளே கிடப்பவரின் எடையைப் பற்றித்தானாம். யானையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்து வாய்க்கால். 1806இல் பேசில் காக்ரேன் என்ற ஆசாமி கறுப்பர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பதினோரு மைலுக்கு ஒரு கால்வாயை வைத்துக்கொண்டு காசு பண்ணினார். கப்பற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்து பணம் பார்த்த காண்ட்ராக்டர். (பின்னால் லண்டனுக்குப் போய் நீராவிக் குளியலால் வியாதி தீரும் என்று கடை விரித்தார். நம் ஊர் மே மாதத்தில் இலவசமாகக் கிடைப்பதை அங்கே காசுக்கு விற்ற மகான்.) 1837இல் சர்க்கார் அந்தக் கால்வாயை எடுத்துக்கொண்டது, நீட்டிக்கொண்டே போய், தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டவைத்து, 1878இல் பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டியது. வெட்டியவன் பெயரை ஒரு மதகுக்குக்கூட வைக்கவில்லை.

அந்தத் தண்ணீரில் விறகும் உப்பும் போன படகுகளுக்கு நடுவே, அதிகாரிகள் போக அறை வைத்த படகும் போகும். உள்ளேயே படுக்கை, உள்ளேயே சாப்பாடு. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். முன்னால் இழுவை, நடுவில் கயிறு, பின்னால் வீடு. இதற்குப் பெயர் டிரெய்லர் இல்லையென்றால் வேறென்ன?

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, 1885இல், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கப்பற்படை டாக்டர் இங்கிலாந்தில் ‘வாண்டரர்’ என்று ஒரு வண்டி வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். உல்லாசக் கேரவனுக்கு அவர்தான் ஆதிபிதா என்கிறார்கள். இரண்டு டன் கனம், இரண்டு குதிரை. எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல, வேலைக்காரர் ஒருவர் முன்னால் மூன்று சக்கர சைக்கிள் மிதித்துக்கொண்டே போனார். நம் தீவட்டிக்காரனுக்கு சைக்கிள் கொடுத்தால் அதுதான்.

இங்கேயோ அதற்கு முன்பே, 1856 ஜூன் கடைசியில், ராயபுரத்தில் ரயில் வந்துவிட்டது. கவர்னர் ஹாரிஸ் பிரபு முந்நூறு வெள்ளைக்காரர்களோடு ஏறி வாலாஜா பக்கம் போய்விட்டு வந்தார். பெட்டிகளைச் செய்தது மவுண்ட் ரோட்டில் சாரட்டு செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி. அந்தத் தூண் வைத்த ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. ரயில் வந்ததும் பல்லக்குக்கு மவுசு போனது. போயிகள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தோளுக்குத் துறைமுகத்தில் மூட்டை இருந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் நடந்ததுதான் வேடிக்கை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யும் பிசினஸ் ஆரம்பித்தார்; அது எம்ஆர்எஃப் ஆகி டயர் போட்டது. 1948இல் எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி ஆஸ்டின் கார் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்டாகி லாரி சேஸிஸ் தள்ளியது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். டயர், சேஸிஸ், எஞ்சின் மூன்றும் ஒரே சாலையில். வெல்டிங் பட்டறை தெருவுக்கு நாலு. ஆனாலும் குட்டி வீடு செய்து விற்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று மச்சானிடம் விளக்கினேன். கரண்ட் போனால் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி, காசிமேட்டு லாஞ்சில் போனால் பத்து நாள் கடல்மேலேயே உலையும் உறக்கமும் என்று இருந்த ஊர். வெட்டவெளியில் படுக்க எவன்டா காசு கொடுப்பான்?

அப்புறம் அவனை பைக்கில் ஏற்றி, இருட்டிய பிறகு ஜீரோ கேட் பக்கம் கூட்டிப்போனேன். சென்னைத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் வண்டிகளின் வால் வடக்கே நீண்டு கிடந்தது. ஒரு வண்டியின் வயிற்றுப் பக்கம் இருந்த டூல் பாக்ஸைத் திறந்தார் ஒரு டிரைவர். உள்ளே ஸ்டவ், அரிசி, மஞ்சள் தூள் டப்பா, வெங்காயம் நாலு. டயருக்கும் டயருக்கும் நடுவில் காற்று படாத இடமாகப் பார்த்து அடுப்பைப் பற்றவைத்தார். சேஸிஸுக்குக் கீழே லுங்கியைத் தூளி மாதிரி கட்டி கிளீனர் பையன் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே இருபது டன் யாரோ ஒருவருடைய சரக்கு.

“எத்தனை நாளாண்ணே?” என்றான் மச்சான்.

“நேத்து காலைல வந்தேன் தம்பி. சாப்பிடுறியா, கருவாட்டுக் குழம்பு.”

சாப்பிட்டான். இரண்டு தடவை. இழுக்கிறவனே படுத்து உறங்குகிற முதல் டிரெய்லரைப் பார்க்க நானூறு வருஷம் ஆகியிருக்கிறது என்று நான் பிரசங்கம் செய்ய வாயெடுத்தேன். குழம்புக்கு முன்னால் அது எடுபடவில்லை.

ஆசை மட்டும் அவனுக்குப் போகவில்லை. சட்டத்தில் இடமிருக்கிறது என்கிறான், அது உண்மைதான். 2004இல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், டிரெய்லர் என்று ஒரு வரியே இருக்கிறது. சட்டத்தில் இருக்கிற இடம் எங்கள் சந்தில்தான் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் அம்மிக்கல்லை உள்ளே எடுத்துவைக்கிற தெரு.

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ எட்டுக்கு நாலு அடி காலியிடம் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மாத வாடகை தருவதாகச் சொல்கிறான். அட்வான்ஸுக்கு நான் பொறுப்பில்லை.