பத்துக்குப் பத்தில் ஒரு பிரபஞ்சம்

சென்னை ஃபிளாட்டின் சின்ன அறையைப் பெரிதாக்க உள்அலங்கார நிபுணர்கள் சொல்லும் வழி அபாரம்: ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்துக்குப் பத்து அறை உடனே இருபதுக்குப் பத்து. எதிர்ச்சுவரிலும் மாட்டினால் எல்லையே கிடையாது. வந்த ஒரே விருந்தாளி ஊர்வலமாகத் தெரிவார். காபி மட்டும் ஒரு டம்ளர் போதும்.

அப்புறம் மடக்குக் கட்டில். அதை விரித்தால் கதவு திறக்காது. திருட்டு பயம் ஒழிந்தது. பீரோவைத் திறக்க ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டும். காற்றோட்டமும் ஆச்சு. ஃபால்ஸ் சீலிங் போட்டபின் கையை உயர்த்திச் சோம்பல் முறிக்க முடியாது. சுறுசுறுப்பு தானே வரும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, கார்பெட் ஏரியாவில் உட்சுவர்களின் தடிமனும் சேர்த்தி. ஆக, காசு கொடுத்து வாங்கிய இடத்தில் கொஞ்சம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியை அலங்கரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.