டியூப்லைட்டில் தெரிந்த முகம்

எலவனாசூர்கோட்டையில் சேலம் ரோட்டை ஒட்டி என் தாய்மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். ஓட்டுக் கட்டடம். முன்னறையில் அருவி வரைந்த திரை, பின்னறையில் டார்க் ரூம். 1980-களில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஹைப்போ வாடை சட்டையில் ஏறிவிடும். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அம்மா வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

மாமாவின் கேமரா யாஷிகா மேட். 120 ரோலில் 12 படம்தான் விழும். பெரும்பாலும் ஊட்டியில் தயாரான இந்து பிலிம் போடுவார். கழுவிக் காயவைத்த நெகட்டிவை வெட்டி, பட்டர் பேப்பர் கவருக்குள் செருகி, மேலே பென்சிலால் ஓர் எண் எழுதுவார். அதே எண் ஒரு நீள நோட்டிலும் ஏறும்: தேதி, ஊர், யார் வீட்டு விசேஷம். கவர்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்.

ஊரில் சாவு விழுந்தால் பந்தல்காரரைத் தேடுகிற அதே அவசரத்தில் மாமாவையும் தேடி வருவார்கள். "தம்பி, எங்கப்பா படம் எதுனா இருக்குமா பாரேன்." கல்யாணம் எந்த வருசம், எந்த மாசம் என்று கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டுவார். எண் கிடைத்ததும் டின்னைத் திறந்து, நெகட்டிவை ஓரத்தில் பிடித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்குவார். வெள்ளை வேட்டி கறுப்பாகவும் கறுத்த முகம் வெளுப்பாகவும் தெரியும். பெற்ற பிள்ளைக்கே அதில் அப்பாவை அடையாளம் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். "இதோ, மூணாவதா நிக்கிறாரு. தோள்ல துண்டு." அப்புறம் என்லார்ஜரில் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்குவார். கன்னத்தில் கீறல் விழுந்திருந்தால், சீவிச் சீவி ஊசியாக்கிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே தொட்டுத் தொட்டு அடைப்பார். அந்த நேரத்தில் நான் மூச்சு விடுகிற சத்தம்கூட அவருக்கு ஆகாது.

எல்லாம் பிழைத்தது என்று சொல்லமாட்டேன். ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, ஒரு டின் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்தது. அன்று மாமா சாப்பிடவில்லை.

அவர் போனபின் கடை என் கைக்கு வந்தது. ரோல் போய் மெமரி கார்டு வந்தது. கம்ப்யூட்டர் வாங்கினேன், போட்டோ திருத்தும் மென்பொருள் ஒன்றை ஒரே தடவையில் பணம் கட்டி வாங்கினேன், ஆல்பம் டிசைன் கற்றுக்கொண்டேன். வருசக்கணக்கில் அந்த மென்பொருள் என்னைக் கைவிட்டதே இல்லை. 2019 நவம்பர் 26-இல் எங்கள் பகுதியைச் சேர்த்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அடுத்து வந்த தை முகூர்த்தங்களை நம்பி, கடன் வாங்கிப் புதுக் கேமரா எடுத்தேன். வாங்கிய அன்று ஜேபெக்கில் நாலு படம் எடுத்துப் பார்த்ததோடு சரி.

அதில் எடுத்த முதல் கல்யாணம்: மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். மலையிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். பெண்ணின் பாட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. நான் கேமராவைத் திருப்பியதும் கையால் வாயைப் பொத்தப் போய், முடியாமல் சிரித்துவிட்டது. அந்த ஒரு படம். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ரா (RAW) வகைக் கோப்பாக மட்டும் எடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தார். "அண்ணே, பாட்டி போயிடுச்சு. வோட்டர் ஐடியில இருக்கறத வுட்டா வேற படமே இல்ல. விடியறதுக்குள்ள பேனர் அடிச்சி எடுத்துக்கிட்டுப் போவணும்."

கார்டைச் செருகினேன். நானூறு கோப்பும் வந்தன, ஒன்றில்கூட முகம் இல்லை. திறக்கச் சொன்னால், இந்த வகைக் கோப்பு தனக்குத் தெரியாது என்றது மென்பொருள். மூடித் திறந்தேன், வேறு கார்டு ரீடர் போட்டேன். மாப்பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, கேமராவுல தெரியுதே?"

தெரிந்தது. கேமராத் திரையில் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ரா என்பது இன்னும் படமாகாத கணக்கு. சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். நாலு புள்ளியில் பச்சைக்கு இரண்டு, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மற்ற நிறங்களை மென்பொருள்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். மாடலுக்கு மாடல் நிறத்தின் குணமும் கோப்பைச் சுருக்குகிற விதமும் மாறுவதால், கேமரா வருவதற்கு முன்பே எழுதி முடித்த மென்பொருளுக்கு அது புரியாது. கேனான் 2018-இல் கோப்பு வகையையே சிஆர்2-விலிருந்து சிஆர்3-க்கு மாற்றியது. போட்டோஷாப்பில் ஒரே தடவை பணம் கட்டி வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2012-இன் சிஎஸ்6. புதுக் கேமராக்களின் ராவைப் படிக்க அதற்கு வந்துகொண்டிருந்த இணைப்பு 2015-இல் 9.1.1-ஓடு நின்றது. மாதச் சந்தாக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் தொடர்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரி 14-இல், சரியாகப் போகியன்று முடிந்தது. என்னைப் போன்ற சின்ன ஸ்டுடியோக்காரனுக்குக் கேமரா மாறினால் மென்பொருள், மென்பொருள் மாறினால் கம்ப்யூட்டர் என்று செலவு நீண்டுகொண்டே போகிறது.

புது மாடலுக்கு ஏற்பாடு செய்வது உழைப்பு. அதற்குக் கூலி கேட்பது நியாயம்தான். கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. படத்தில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பாட்டி. டேவ் காஃபின் என்ற ஒருவர் 1997-இலிருந்து இருபது வருசத்துக்கும் மேலாக, ஒவ்வொரு கேமராவின் ராவையும் தானே அலசி, டிசிரா என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்தபோது, பென்சிலோடு குனிந்திருந்த மாமாதான் நினைவுக்கு வந்தார்.

மாமாவின் பிலிமைச் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 1967-இல் உற்பத்திக்கு வந்தது, இன்று மூடிக் கிடக்கிறது. யாஷிகா மேட் தயாரிப்பில் இல்லை. மாமாவும் இல்லை. ஆனால் 1986-இல் அவர் எடுத்த கல்யாணத்தை இன்றைக்கும் டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். அன்று ராத்திரியோ, கேமரா செய்தவர்களும் மென்பொருள் செய்தவர்களும் தொழிலில் இருக்கும்போதே, மூன்று நாள் முன்பு எடுத்த படம் திறக்கவில்லை.

பதினொரு மணிக்கு வழி கிடைத்தது. ராவை ஜேபெக்காக மாற்றித் தருகிற வசதி கேமராவின் மெனுவுக்குள்ளேயே இருந்தது. பாட்டியின் படத்தை மட்டும் மாற்றி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை அதைச் சட்டைப்பையில் வைத்து, பையின் மேல் கையை அழுத்திக்கொண்டே வண்டியில் ஏறினார். உளுந்தூர்பேட்டையில் பேனர் அடித்து, விடிவதற்குள் மலை ஏறிவிட்டார்கள்.

மிச்சக் கல்யாணத்தைத் திறந்து கொடுத்தது டிஎன்ஜி. அமைப்பை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு அடோபி 2004-இல் கொண்டுவந்த பொது வகை. மாற்றித் தரும் கருவி இலவசம். பழைய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றவும் அதில் வழி இருக்கிறது. இப்போது ஒவ்வொரு விசேஷத்தையும் ரா, டிஎன்ஜி, ஜேபெக் என்று மூன்றாகவும் வைக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் படத்தைக் காசு வாங்காமல் ஒரு பிரிண்ட் போட்டும் கொடுத்துவிடுகிறேன்.

பாட்டியின் படத்தைப் பதினாறாம் நாளுக்குள் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தேன். வெள்ளிமலைக்கு அனுப்புவதற்கு முன் மாமாவின் நீள நோட்டை எடுத்தேன். கடைசியாக அவர் எழுதிய எண்ணுக்கு அடுத்த எண்ணைப் போட்டு, தேதி, ஊர், யார் வீட்டு விசேஷம் எல்லாம் எழுதினேன். அதே எண்ணைச் சட்டத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதினேன்.